வள்ளலார் என்ன ஆனார்? ஒரு முடிவுக்குப் பல உரிமையாளர்கள்

1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு. வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், தாமே சித்தி வளாகம் என்று பெயரிட்டிருந்த வீட்டின் ஓர் அறைக்குள் வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் நுழைந்தார். அவர் சொன்னபடி கதவைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை. அப்போது அவருக்கு வயது 50. இதுவரை எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன. அடுத்த வாக்கியத்தில் சண்டை தொடங்கிவிடுகிறது.

உடம்பே ஒளியாகிவிட்டது, அவர் சாகவில்லை என்கிறார்கள் அவர் வழி நடக்கும் சன்மார்க்கிகள். சிவனோடு இரண்டறக் கலந்தார், நாயன்மார் வரிசையில் வைக்க வேண்டியவர் என்கிறார்கள் சைவர்களில் ஒரு சாரார். அவர் பாடியது இறையருளால் வந்த அருட்பாவே அல்ல என்று வாதாடி, ஒளியான கதையையும் ஏற்காத சைவர்கள் இன்னொரு சாரார். உலகின் வேறு பகுதிகளில் வேலை செய்யப் போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மஞான சபைப் பக்கம் ஒரு குரல் எழுந்தது. சாதியையும் சாத்திரத்தையும் சாடியவரை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் பகுத்தறிவு மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது.

இவற்றில் எது உண்மை என்று தீர்ப்பெழுத உட்கார்ந்தால் கட்டுரை பாதியில் நின்றுவிடும். எந்தக் கதையை யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் வேறொன்று புலப்படுகிறது. இராமலிங்கர் யார் என்ற கேள்விக்கு ஒரு விடையை முதலில் முடிவு செய்துகொண்டவர்களே, அதற்குப் பொருந்தும் மரணத்தையோ மரணமின்மையையோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வடசென்னைக்காரர்

வள்ளலார் என்றாலே வடலூர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவருடைய 50 ஆண்டுகளில் பெரும்பகுதி இன்றைய வடசென்னையிலேயே கழிந்தது. மாதவரம் ரவுண்டானாவை நடுவாக வைத்துக்கொண்டால் அந்த வரைபடம் எளிதில் பிடிபடும். வடக்கே ஜி.என்.டி. சாலையில் புழல், செங்குன்றம், காரனோடை தாண்டித் தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பினால் பொன்னேரி. அதையொட்டித் தாய் சின்னம்மையின் ஊரான சின்னக்காவணம். கிழக்கே திருவொற்றியூர். தெற்கே மூலக்கடை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் வழியாகப் போனால் ஏழுகிணறு.

சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தவர் இராமலிங்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இராமையா பிள்ளை இறந்தார். தாய் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்தகத்துக்கு வந்தார். அங்கிருந்து குடும்பம் பட்டணத்துக்கு, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவுக்குக் குடிவந்தது. கோட்டைக்குக் குடிநீர் அனுப்ப 1772இல் கிணறுகள் வெட்டப்பட்ட பகுதி அது. புராணச் சொற்பொழிவு செய்து பிழைத்த அண்ணன் சபாபதிதான் வீட்டைத் தாங்கினார். அண்ணனுக்கு உடம்புக்கு முடியாத ஒருநாள், தம்பி போய்த் திருஞானசம்பந்தர் புராணம் சொல்லிக் கூட்டத்தை அசத்தியதாக வரலாறுகள் சொல்கின்றன. கந்தகோட்டத்து முருகனுக்குத் தெய்வமணிமாலையும் திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வடிவுடை மாணிக்க மாலையும் பிறந்தது இந்தக் காலத்தில்தான். ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். அதை அவர் நடந்தே போய்வந்தார். 1858 வாக்கில் பட்டணத்தை விட்டுக் கிளம்பும்வரை இதுதான் அவர் உலகம்.

இந்த ஆண்டுகளைச் சைவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு நியாயம் உண்டு. நெற்றியில் நீறு, நாவில் ஐந்தெழுத்து, கோயில் கோயிலாக நடை, சம்பந்தரைக் குருவாகக் கொண்ட பாடல்கள் என எல்லாம் சைவ மரபின் நடுவீட்டிலிருந்து வந்தவை. வடசென்னைக் கோயில்களில் பாடிய இராமலிங்கரை மட்டும் படித்தவர், அவர் சிவனோடு கலந்தார் என்று முடிப்பதில் வியப்பில்லை.

வடலூர் வேறு கதை. அதன் பக்கத்துக் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்தபோது, 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எழுதிக்கொடுத்த 80 காணி நிலத்தில், 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. அதே ஆண்டு சங்கத்தின் பெயரிலிருந்த ‘வேத’ என்ற சொல் போய், ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ ஆயிற்று. பிற்காலப் பாடல்களில் சாதி, சமயம், சாத்திரக் குப்பை மூன்றையும் ஒரே வீச்சில் ஒதுக்கினார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றி அவர் நிகழ்த்திய பேருபதேசத்தை, சைவத்திலிருந்தே அவர் வெளியேறிவிட்டதற்கான வாக்குமூலமாகச் சன்மார்க்கிகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கதவைத் திறந்தது யார்?

முடிவைப் பற்றிய பழைய எழுத்துச் சாட்சியங்களில் முக்கியமானது தொழுவூர் வேலாயுத முதலியாருடையது. அடிகளின் தலைமாணாக்கர், 1867இல் திருவருட்பாவைப் பதிப்பித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியர். 1882 ஜூலையில் பிரம்மஞான சபைக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். நடுத்தர உயரம், எலும்பு தெரியும் மெலிவு, நீண்ட முடி, இரண்டு வெள்ளைத் துணி, காலில் செருப்பு என்று குருவின் தோற்றத்தை அதில் வர்ணிக்கிறார். சீடர்களிடம் விடைபெற்றுக்கொண்டு அறைக்குள் போய் விரிப்பில் படுத்தார். கதவைப் பூட்டி, இருந்த ஒரே திறப்பையும் அடைத்தார்கள். ஓராண்டு கழித்துத் திறந்தபோது வெற்றறைதான் இருந்தது என்கிறார்.

சன்மார்க்க வரலாறுகளில் வழங்குவது வேறு. சில மாதங்களில் செய்தி பரவி, தென்னார்க்காடு கலெக்டர் கார்ஸ்டின் மற்ற அதிகாரிகளோடு மேட்டுக்குப்பம் வந்தார், கதவைத் திறக்கச் சொன்னார், உள்ளே ஒன்றும் இல்லை, வீட்டைச் சுற்றிப் பார்த்தும் சந்தேகப்பட எதுவும் அகப்படவில்லை, ஏழைகளுக்குச் சோறு போட 20 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அந்தக் கதை.

மூன்றாவது சாட்சியம் அரசாங்கத்துடையது. தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரை 1906இல் எழுதிய டபிள்யூ. ஃபிரான்சிஸ், அந்த அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது என்று குறிக்கிறார். தம் தெய்வத்தோடு ஒன்றானார், காலம் கனியும்போது அன்பர்கள் முன் தோன்றுவார் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சமயத் தலைவர் என்ற உரிமை பற்றி என்ன நினைத்தாலும், பாடல்கள் உயர்ந்த தரத்தவை என்று விஷயம் தெரிந்தவர்கள் ஒப்புவதாகவும் சேர்த்துக்கொள்கிறார்.

ஆக, கதவு ஓராண்டில் திறந்தது, சில மாதத்தில் திறந்தது, 32 ஆண்டாகியும் திறக்கவே இல்லை. ஒளியா, கொலையா என்ற பெரிய கேள்விக்குப் போகும் முன்பே, பூட்டும் சாவியும் பற்றிய சாதாரணக் கேள்வியிலேயே சாட்சிகள் முரண்படுகின்றன. வேலாயுத முதலியார் நெருக்கமானவர், ஆனால் எட்டு ஆண்டு கழித்து, ஒரு குறிப்பிட்ட சபையாருக்காகப் பேசுகிறார். ஃபிரான்சிஸ் வெளியாள், பக்கச்சார்பு குறைவு, ஆனால் ஒரு தலைமுறை தள்ளி நிற்கிறார். கலெக்டர் கதை பக்தர்களின் வரலாறுகளில் வளர்ந்தது. பக்தர் சொல்வதைவிட வெள்ளைக்கார அதிகாரி சோதித்துப் பார்த்ததற்கு மதிப்பு அதிகம் என்ற காலனியகாலக் கணக்கு அதில் தெரிகிறது.

கெசட்டியரில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு செய்தி உண்டு. இறந்தவர் எழுவார்கள், ஆகவே எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும் என்று இராமலிங்கர் சொன்னதை நம்பி, பிராமணர்கள்கூடப் புதைக்கப்பட்டதாகவும், வேற்றூர்களில் இறந்தவர்களை வடலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ததாகவும் ஃபிரான்சிஸ் பதிகிறார். சாவைப் பற்றிய அவர் பேச்சைச் சுற்றியிருந்தவர்கள் உருவகமாக எடுத்துக்கொள்ளவில்லை. மெய்யாகவே நடக்கப் போகிறது என்று காத்திருந்தார்கள். குருவின் அறை வெறுமையாக இருந்தது என்ற செய்தி அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் வந்து விழுந்தது.

ஆளுக்கொரு முடிவு

வேலாயுத முதலியாரின் வாக்குமூலம் குருவின் மறைவோடு நிற்கவில்லை. உலக சகோதரத்துவத்தைச் சொல்ல ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று குரு முன்கூட்டியே சொன்னதாகவும், மறைந்த பிறகு ஐரோப்பா, அமெரிக்கா உட்பட எல்லா நாடுகளிலும் செயல்படப்போவதாகச் சொன்னதாகவும் அதில் இருக்கிறது. பிரம்மஞான சபையை நிறுவிய ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் அமெரிக்கரான ஆல்காட்டும் 1879இல் பம்பாய் வந்து இறங்கியவர்கள். 1882 கடைசியில் அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தார்கள். இந்தப் பொருத்தம் அவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறைந்துபோன ஒரு தமிழ்ச் சித்தர் அவர்களின் கட்டியக்காரராகிவிட்டார்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அணிக்கு முடிவைப் பற்றிய கவலையே இல்லை. அவர்களுடைய வழக்கு வாழ்க்கையைப் பற்றியது. தேவார திருவாசகத்துக்கு உரிய மதிப்பை உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டுக்குக் கொடுப்பதா? நூலுக்குத் திருவருட்பா என்றும், பாடியவருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்றும் 1867 பதிப்பில் பெயர் வைத்ததே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ‘போலியருட்பா மறுப்பு’ மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில் வந்தாலும் எழுதியது நாவலர்தான் என்பது பரவலான கருத்து. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கும் விவகாரம் போனது. இராமலிங்கர் உள்ளே வந்ததும் வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்றுவிட்டார், நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார் என்ற கதையைக் கேட்காத தமிழர் குறைவு. கண்டன நூல்களையும் ஆவணங்களையும் தேடித் தொகுத்த ஆய்வாளர் ப. சரவணன், அந்த வழக்கு அருட்பாவைப் பற்றியதே அல்ல, சிதம்பரம் கோயிலில் நடந்த பேச்சை ஒட்டிய அவதூறு வழக்கு என்று எடுத்துக்காட்டினார்.

அடிகள் மறைந்து 30 ஆண்டு கழித்துச் சண்டை மறுபடி மூண்டது. இம்முறை களம் சென்னை. நாவலர் வழிவந்த நா. கதிரைவேற்பிள்ளை ஒருபக்கம்; மறைமலையடிகள் மறுபக்கம். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியப் புலவரும் அருட்பாவுக்காகச் சென்னையில் மேடையேறினார். சைவர்களுக்குள் நடந்த சைவச் சண்டையில் ஒரு முஸ்லிம் புலவர் வழக்காடியது அன்றைய தமிழ்ச் சூழலைப் பற்றி நிறையச் சொல்கிறது. கதிரைவேற்பிள்ளை மேல் 1904இல் வழக்கு வந்தபோது, அவருடைய மாணவரான திரு.வி.க. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய், பள்ளி இறுதித் தேர்வையே கோட்டைவிட்டார். அதே திரு.வி.க. 1929இல் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்ற நூலை எழுதினார். கட்சி மாறியவர்களும் உண்டு என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

சுயமரியாதை இயக்கத்தார் திருவருட்பாவின் கடைசிப் பகுதியான ஆறாம் திருமுறையை மட்டும் உருவி எடுத்தார்கள். சாதிக்கும் சடங்குக்கும் எதிரான பாடல்கள் பிரச்சாரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அங்கிருந்து அடுத்த கேள்வி தானாக எழுந்தது: இப்படிப் பேசியவரைச் சும்மா விட்டிருப்பார்களா? கொலை என்ற ஊகத்துக்கு இதுதான் அடித்தளம். பெயர் குறித்த குற்றவாளி, அக்காலத்துப் புகார், விசாரணைக் குறிப்பு என்று எதையும் அந்தத் தரப்பு முன்வைக்கவில்லை. ஆனால் சாட்சி இல்லாததால் மட்டும் அந்தச் சந்தேகம் ஓய்ந்துவிடவில்லை. அதற்குக் காரணம் வேறொரு கதையில் இருக்கிறது.

ஏற்கெனவே இருந்த அச்சுகள்

சிதம்பரத்தில் தீக்குள் இறங்கிய நந்தனார் பூணூல் மார்போடு வெளியே வந்து, சன்னிதிக்குள் மறைந்தார் என்கிறது பெரியபுராணம். பக்தர் அதில் முத்தியைப் பார்த்தார். 20ஆம் நூற்றாண்டு வாசகர் எரிந்த ஓர் உடலைப் பார்த்தார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் அந்த வாசிப்பைத்தான் மேடையேற்றியது. ஒரே நிகழ்ச்சி ஒருவருக்குக் கலப்பு, மற்றவருக்குக் கொலை. மேட்டுக்குப்பத்து அறைக்கும் அந்த இரட்டை வாசிப்பு அப்படியே வந்து சேர்ந்தது.

இன்னும் பழைய அச்சுகளும் உண்டு. நல்லூர்ப் பெருமணத்தில் திருமணக் கூட்டத்தோடு சோதியில் புகுந்தவர் சம்பந்தர்; அவர் புராணத்தைச் சொல்லித்தான் ஏழுகிணற்றுச் சிறுவன் பேரெடுத்தான். தில்லையில் மறைந்தவர் மாணிக்கவாசகர். திருவொற்றியூர்க் கடற்கரைக்குப் பக்கத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த பட்டினத்தார் தம்மை மூடச் சொன்னார், திறந்து பார்த்தபோது ஆள் இல்லை, இலிங்கம்தான் இருந்தது என்று அங்கே இன்றும் சொல்வார்கள். மூடினார்கள், திறந்தார்கள், ஆளைக் காணோம் என்ற அதே வரிசை, வள்ளலார் ஆண்டுக்கணக்கில் நடந்து போய்வந்த ஊரிலேயே உலவிய கதை. ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்தது என்று இதனால் நிறுவ முடியாது. 1874இல் செய்தியைக் கேட்ட காதுகள் அந்த வரிசைக்கு ஏற்கெனவே பழகியிருந்தன என்பது மட்டும் உறுதி.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இது புதிதல்ல. 874இல் பதினோராம் இமாம் இறந்தபின் அவர் மகன் மறைந்து வாழ்கிறார், திரும்பி வருவார் என்பது ஷியாக்களில் பெரும்பிரிவினரின் நம்பிக்கை. கபீரின் உடலுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் அடித்துக்கொண்டபோது துணிக்கு அடியில் பூக்கள்தான் இருந்தன என்பார்கள். உத்தரப் பிரதேசத்து மகஹரில் சமாதியும் மசாரும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே பூவையாவது பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. மேட்டுக்குப்பத்தில் பங்கிட ஒன்றுமே இல்லாததால், சண்டை முழுக்க நூலுக்கும் சபைக்கும் நிலத்துக்கும் திரும்பியது.

இன்றைய வழக்குகள்

ஞானசபையில் எப்படி வழிபட வேண்டும் என்று 1872லேயே அடிகள் விதி எழுதிவைத்தார். விளக்கேற்றவும் துப்புரவு செய்யவும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அல்லது 72 வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள்தான் உள்ளே போகலாம் என்பது அதில் ஒன்று. ஆசையிலிருந்து விலகியவர்களுக்குக் கதவைத் திறந்து, பரம்பரை உரிமையைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்திய விதி அது. ஆனால் காலப்போக்கில் சபைக்குள் சிவலிங்கமும் சிவாச்சாரியார் பூசையும் வந்துவிட்டன. சன்மார்க்கிகள் முறையிட, அறநிலையத் துறை 2006இல் வள்ளலார் வகுத்த முறைப்படியே வழிபாடு நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை எதிர்த்துப் போன வழக்கை 2010இல் நீதிபதி கே. சந்துரு தள்ளுபடி செய்தார். வள்ளலார் சைவரா சைவத்தைத் தாண்டியவரா என்ற தத்துவக் கேள்விக்கு, அவரே எழுதிய விதித்தாளை வைத்து நீதிமன்றம் விடை சொன்னது.

அரசியலும் சும்மா இல்லை. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5, தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடப்படும் என்று 2021இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 200ஆம் ஆண்டு விழாக்கள் நடந்துகொண்டிருந்த 2023 ஜூனில் வடலூருக்கு வந்த ஆளுநர் ஆர்.என். ரவி, சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் வள்ளலார் என்று பேசினார். சனாதனத்தை எதிர்த்தவரை அதற்குள்ளேயே அடைக்கப் பார்க்கிறார் என்று மறுப்புகள் குவிந்தன. 2024இல் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் கட்டடமே கூடாது என்று பார்வதிபுரத்து மக்கள் போராடினார்கள். நிலம் கொடுத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும்போது கூட்டம் நிற்கும் இடம் அது. வெற்றிடமாக விட்டதுதான் அவர் திட்டம் என்பது அவர்கள் வாதம். விவகாரம் உயர் நீதிமன்றம் போனது.

இத்தனை தரப்புகளையும் எடைபோட உதவும் பொருள் ஒன்று உண்டு. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வந்தன, ஐந்தாவது 1880இல், ஆறாவது 1885இல், அடிகள் மறைந்து பதினோரு ஆண்டு கழித்து. சாவை வென்றதாகத் தன்னிலையில் அவர் பாடிய பாடல்களும், சாதி சமயத்தைத் தூக்கியெறிந்த பாடல்களும் பெரும்பாலும் இந்த ஆறாவதில்தான் இருக்கின்றன. உயிரோடிருந்தபோது நாவலர் அணி தாக்கிய நூலில் அவை இல்லை. ஆக, அவரை மறுத்த சைவர்களும் அவரைக் கொண்டாடும் சன்மார்க்கிகளும் பகுத்தறிவாளர்களும் வெவ்வேறு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லி வாதாடியிருக்கிறார்கள்.

ஆ. பாலகிருஷ்ண பிள்ளை கையெழுத்து மூலங்களை ஒப்பிட்டு 1931 முதல் 1958 வரை 12 புத்தகங்களாகப் பதிப்பித்ததும், ஊரன் அடிகள் 1972இல் பாடல்களைக் கால வரிசையில் அடுக்கியதும் இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். அந்த வரிசையில் படிக்கும்போது வடிவுடையம்மனைப் பாடியவர் ஒருநாள் காலையில் எழுந்து சைவத்தை உதறியதாகத் தெரியவில்லை. கருங்குழியில் ஒரு படி, தருமச்சாலையில் ஒரு படி, சபையில் ஒரு படி என்று நகர்கிறார். அறைக்குள் என்ன நடந்தது என்று அந்தப் பாடல்கள் சொல்லாது. ஆனால் திருவொற்றியூர்ப் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரைச் சைவராக்குவதும், ஆறாம் திருமுறையை மட்டும் வைத்துக்கொண்டு வேரே இல்லாத புரட்சியாளராக்குவதும் இரண்டும் பாதிப் புத்தகப் படிப்பு என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும்.